குளிருக்கு முந்தும் பயிர்: வடநிலக் கஞ்சாவின் கதை

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பொன்றில் எழுந்த சிரிப்பிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ரஷ்யக் கிராமம் ஒன்றைப் பற்றிய கதையின் ஆங்கில வடிவத்தைக் கொடுத்து, ஒரு பத்தியைத் தமிழாக்கச் சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் 'ஹெம்ப்' வயல் இருப்பதாக அதில் ஒரு வரி வரும். மாணவர் ஒருவர் 'சணல் வயல்' என்று எழுதினார். இன்னொருவர் அகராதியை மேலும் ஒரு படி புரட்டியவர். 'கஞ்சாத் தோட்டம்' என்று எழுதிவிட்டார். வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் எது சரி என்று கேட்டார்கள். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாவரவியலைக் கேட்டால் இரண்டாமவர் எழுதியதே சரி. நாம் சணல் என்று வழங்குவது பெரும்பாலும் கோணிப்பைக்குரிய வங்கத்துச் செடியை. அது வேறு குடும்பம். தழையுரத்துக்காக நம் வயல்களில் விதைக்கும் சணப்பு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் கயிறும் கப்பற்பாயும் செய்துகொண்ட ஹெம்ப்போ கஞ்சாவேதான். அதே இனம், அதே கைவடிவ இலை. மயக்கும் பொருள் மட்டும் அதில் மிகச் சிறிதளவே இருக்கும். ஆனால் 'கஞ்சாத் தோட்டம்' என்றவுடன் தமிழ் வாசகரின் மனத்தில் தோன்றும் காட்சிக்கும் அந்த ரஷ்யக் கிழவியின் கொல்லைப்புறத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இக்கட்டுரையில் இனம் முழுவதையும் குறிக்கக் கஞ்சா என்றும், நாருக்கும் விதைக்கும் பயிரிடப்படுவதை ஹெம்ப் என்றும் எழுதுகிறேன். வேறு வழி தோன்றவில்லை.

அந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் வேறொரு கேள்வி எதிர்ப்பட்டது. வெப்பநாட்டுச் செடி என்று நாம் எண்ணியிருக்கும் கஞ்சா, ஏரிகள் உறைந்து கிடக்கும் வடக்கே எவ்வாறு பயிரானது? குளிர் தாங்கும் கஞ்சாக் கலப்பினங்கள் என்று இன்று பேசப்படுபவற்றின் வேர் எங்கே இருக்கிறது? இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. ரஷ்யச் சமவெளியில் 'ருடெராலிஸ்' என்றொரு காட்டுக்கஞ்சா இருந்தது, அதன் முரட்டு இரத்தம் பயிரோடு கலந்ததால் பயிர் குளிர் தாங்கியது என்பது அவ்விடை. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை என்றும், விடுபட்ட பாதியில் சிலருக்குச் சேர வேண்டிய பெருமை காணாமற்போயிருக்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் 'குளிர் தாங்குதல்' என்ற சொல்லையே சற்று ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஹெம்ப் நாற்று சிறு உறைபனியைப் பொறுத்துக்கொள்ளும் என்பது மெய்தான். ஆயினும் பனிக்காலம் முழுவதும் நின்று பிழைக்கும் செடி அன்று அது. ஓராண்டுப் பயிர், முளைத்து, பூத்து, விதை உதிர்த்து, அதே ஆண்டில் சாகிறது. வடக்கில் அதற்குத் தேவைப்படுவது விரைவு. கடைசி வசந்தப் பனிக்கும் முதல் இலையுதிர்காலப் பனிக்கும் இடையே கிடைக்கும் சில திங்களுக்குள் விதை முற்றிவிட வேண்டும்.

இங்கேதான் சிக்கல். கஞ்சா இயல்பில் குறும்பகல் தாவரம். பகல் குறைந்து இரவு நீளத் தொடங்கியது என்று 'தெரிந்தால்தான்' அது பூக்கும். தஞ்சை வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய சம்பா நெல்லை எப்போது நட்டாலும் பகல் குறுகும் பருவம் வந்தால்தான் அது கதிர்விடும். குறுவையோ நாளை எண்ணி முடித்துவிடும். தென்திசைக் கஞ்சா, இந்த உவமையில், சம்பா. அதைக் கொண்டுபோய் 60 பாகை வடக்கே விதைத்தால், கோடையில் பகல் பத்தொன்பது மணிநேரம் நீண்டு கிடக்க, அது பூக்காமல் வளர்ந்துகொண்டே போகும். ஆளுயரத்துக்கு இருமடங்கு வளர்ந்து, நாரெல்லாம் நன்றாகக் கிடைக்கும். பூ வைக்கும் வேளையில் பனி வந்துவிடும். மறுஆண்டுக்கு ஒரு மணி விதையும் மிஞ்சாது. வடக்கே பயிராக நிலைக்க வேண்டுமெனில் சம்பா குறுவையாக மாற வேண்டும். அந்த மாற்றம் நிகழ்ந்தது. யார் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

செடியின் தொல்வரலாற்றில் நெடுநேரம் நிற்கப் போவதில்லை. 110 செடிகளின் முழு மரபணுத்தொகையை ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வு, கஞ்சா ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் கிழக்காசியாவில் பயிராக்கப்பட்டது என்று முடிவு செய்தது. அங்கிருந்து புல்வெளி வழியே அது மேற்கே சென்றது. கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த சித்தியர் நாட்டில் இச்செடி தானாகவும் விளைகிறது, விதைத்தும் விளைவிக்கிறார்கள் என்று கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். கூடாரத்துக்குள் பழுக்கக் காய்ச்சிய கற்களின்மேல் விதையைத் தூவி, எழும் ஆவியில் அவர்கள் களித்துக் கூவுவதையும் அவர் சொல்கிறார். இது வெறும் கட்டுக்கதை என்று கருதியவர்களுக்கு 1947இல் விடை கிடைத்தது. அல்டாய் மலையில் பாசிரிக் என்னுமிடத்தில் உறைந்து கிடந்த கல்லறை மேட்டை செர்கேய் ருதென்கோ அகழ்ந்தபோது, கற்கள் நிரம்பிய செம்புக் கலத்தினுள் கருகிய கஞ்சா விதைகளும், சிறு கூடாரத்துக்கான கழிகளும் கிடைத்தன. 'தானாகவும் விதைத்தும்' என்ற ஹெரோடோட்டஸின் இரட்டைச் சொல்லை மட்டும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் அது உதவும்.

ரஷ்ய உழவருக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படையின் கயிறும் வடமும் பெரும்பாலும் ரஷ்ய ஹெம்ப்பால் ஆனவை. ரீகா, பீட்டர்ஸ்பர்க் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக அது சென்றது. 1807இல் தில்சித் உடன்படிக்கையின் மூலம் ரஷ்யாவைத் தன் பக்கம் இழுத்து, அவ்வணிகத்தை அறுக்க நெப்போலியன் முயன்றதன் காரணங்களில் இந்த நாரும் ஒன்று. வரலாற்று நூல்கள் நாரைப் பற்றியே பேசும். ஆனால் உழவரின் வீட்டில் நாருக்கு இணையாக விதையும் வேண்டியிருந்தது. ரஷ்ய மரபுவழிக் கிறித்தவத்தில் நோன்பு நாட்கள் மிகுதி. அந்நாட்களில் வெண்ணெயும் விலங்குக் கொழுப்பும் விலக்கு. சமையலுக்கு ஹெம்ப் விதை எண்ணெய்தான். சூரியகாந்தி பரவும் வரை அதுவே அவர்களுக்கு நல்லெண்ணெய் போல.

அறுவடை முறையும் இதற்கேற்ப இருந்தது. கஞ்சாவில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்செடி மகரந்தம் உதிர்த்ததும் காய்ந்துவிடும். கோடை நடுவில் பெண்கள் வயலில் இறங்கி, ஆண்செடிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். அதற்குப் 'பொஸ்கோன்' என்று பெயர். அதிலிருந்து மெல்லிய நார் கிடைக்கும், வீட்டுத் துணிக்கு ஆகும். பெண்செடிகள் விதை முற்றும்வரை நிற்கும். அவை முற்றுமுன் பனி விழுந்தால் எண்ணெயும் இல்லை, அடுத்த ஆண்டு விதையும் இல்லை. எனவே எந்தச் செடியின் விதை முந்தி முற்றியதோ அதுவே மறுஆண்டு வயலுக்குப் போயிற்று. எவரும் கணக்கெழுதி வைக்காத தேர்வு இது. முந்நூறு நானூறு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒருமுறை, பனி ஒரு பக்கமும் உழவர் குடும்பத்துப் பெண்கள் ஒரு பக்கமுமாக நின்று சலித்தார்கள். வடக்கே செல்லச் செல்லச் செடி குட்டையாகிக்கொண்டே போயிற்று, பூக்கும் நாளும் முன்னே வந்துகொண்டே இருந்தது. பிற்காலத்தில் சோவியத் அறிஞர்கள் தம் நாட்டு ஹெம்ப்பை வடக்கு வகை, நடு ரஷ்ய வகை, தெற்கு வகை என்று பிரித்தபோது, இந்தப் படிவரிசையைத்தான் ஏட்டில் பதிந்தார்கள்.

இனி ருடெராலிஸ். லின்னேயஸ் 1753இல் ஐரோப்பிய ஹெம்ப்புக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். லமார்க் 1785இல் கன்னாபிஸ் இண்டிகா என்ற இரண்டாம் பெயரைத் தந்தார். அதற்கு அடிப்படையான செடி இந்தியாவிலிருந்து பியேர் சொன்னரா அனுப்பியது. சொன்னரா நம் புதுச்சேரியில் நெடுங்காலம் பிரெஞ்சு அரசின் பணியில் இருந்தவர். (ஆக, உலகெங்கும் இன்று வழங்கும் 'இண்டிகா' என்ற சொல்லின் பின்னால் புதுச்சேரியின் நிழல் கொஞ்சம் இருக்கிறது.) மூன்றாவது பெயர் 1924இல், வோல்கா ஆற்றங்கரையிலுள்ள சராத்தோவ் நகரத்தில் பிறந்தது. அந்நகரப் பல்கலைக்கழக ஏட்டில் தாவரவியலறிஞர் யானிஷெவ்ஸ்கி எழுதிய கட்டுரையில் கன்னாபிஸ் ருடெராலிஸ் என்ற பெயர் முதன்முதல் வருகிறது. இடிபாடு, கட்டடக் கழிவு எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஆக்கிய பெயர். குப்பைமேட்டுக் கஞ்சா என்று தமிழில் சொல்லலாம்.

யானிஷெவ்ஸ்கியின் விவரிப்பில் மையமாக இருப்பது விதை. பயிர்ச்செடியின் விதை முற்றினாலும் கதிரோடு ஒட்டி நிற்கும், அறுப்பவருக்காகக் காத்திருக்கும். குப்பைமேட்டுச் செடியின் விதையோ முற்றியதும் உதிர்ந்துவிடும். அது சிறியது, மண்ணின் நிறத்தோடு கலந்துபோகும் புள்ளிக்கோலம் போர்த்தியது. ஈரம் பட்டவுடன் எல்லாம் ஒருசேர முளைப்பதில்லை; சில இவ்வாண்டு, சில அடுத்த ஆண்டு என்று உறங்கிக் கிடக்கும். அதன் அடிப்புறத்தில் எண்ணெய்ப்பசையுள்ள சிறு சதைப்பகுதி உண்டு. சிவப்பும் கறுப்புமான ஒரு மூட்டைப்பூச்சி வகை அதை நாடி வந்து, விதையை இழுத்துச் சென்று பரப்புவதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். குப்பைமேட்டில் குனிந்து பூச்சியின் போக்கை இப்படிக் கவனித்திருந்தவரை நினைக்கும்போது மதிப்பு உண்டாகிறது.

இதே சராத்தோவில் 1917 முதல் 1921 வரை பேராசிரியராக இருந்தவர் நிக்கலாய் வவிலோவ். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி ஐந்து கண்டங்களிலும் விதை திரட்டிய அவரைப் பற்றித் தமிழிலும் அங்கங்கே எழுதப்பட்டிருக்கிறது. அவர் ஹெம்ப் பற்றிச் சிந்தித்தது மட்டும் அதிகம் பேசப்படவில்லை. வோல்காவின் கீழ்ப்பகுதி முதல் அல்டாய் வரை தானாக விளையும் கஞ்சாவை அவர் பயிரோடு ஒப்பிட்டார். 1924இல் ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்று, அங்குள்ள குறுவிதைக் கஞ்சாவையும் பதிவு செய்தார். 1926இல் வெளியான நூலில் அவர் சொல்லும் கருத்து எளியது, ஆழமானது. ஹெம்ப்பை மனிதன் தேடிப் போகவில்லை. எருவும் சாம்பலும் மிகுந்த மண்ணை விரும்பும் அச்செடி, நாடோடிகளின் தங்குமிடத்துக்குத் தானே வந்து சேர்ந்தது. களையாக வந்தது, பின்னர் பயிராயிற்று. களையும் பயிரும் பகைவர் அல்லர், உறவினர். ஆகவே விதைப் பெட்டகத்தில் களைக்கும் இடம் உண்டு என்பது அவருடைய நடைமுறைக் கொள்கையாக இருந்தது.

வடநாட்டுக் குளிரை வெல்லப் பயிர்களுக்கு என்ன செய்வது என்பது அன்றைய சோவியத் நாட்டில் வெறும் ஆய்வுக்கேள்வியாக இருக்கவில்லை. கூட்டுப்பண்ணைகளும் பஞ்சமும் நிறைந்த காலம். உடனடி விளைச்சல் அரசின் ஆணை. வவிலோவின் வழி, உலகெங்கும் பரந்து கிடக்கும் வகைகளைத் திரட்டி, வேண்டிய பண்புள்ளதைக் கண்டு, கலந்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்வது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். லிசென்கோ மற்றொரு வழி சொன்னார். நனைத்த விதையைக் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்திப் பயிரின் பருவத்தையே மாற்றலாம், அப்படிப் பழக்கிய இயல்பு வழித்தோன்றல்களுக்கும் இறங்கும் என்றார். விதைக்குக் குளிர் காட்டினால் சில பயிர்கள் முந்திப் பூக்கும் என்பது மெய். வழித்தோன்றலுக்கு இறங்கும் என்பது பொய். பொய்க்கு விரைவு உண்டு, ஆட்சியாளரின் காதும் உண்டு. 1935இல் வவிலோவ் வேளாண் அறிவியல் கழகத் தலைமையிலிருந்து இறக்கப்பட்டார். 1940 ஆகஸ்டில் மேற்கு உக்ரேனில் விதை தேடிச் சென்ற இடத்தில் கைதானார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது பின்னர் இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26ஆம் நாள், சிறையில், பட்டினியால் நலிந்து இறந்தார். அச்சிறை இருந்த ஊர் சராத்தோவ்.

அவர் சிறையில் இருந்தபோது லெனின்கிராத் முற்றுகைக்குள் இருந்தது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை. அவருடைய நிறுவனத்தின் அறைகளில் நெல்லும் கோதுமையும் வேர்க்கடலையும் பொதி பொதியாக இருந்தன. காவல் நின்றவர்கள் அவற்றை உண்ணவில்லை. நெல் ஆய்வாளர் திமித்ரி இவனோவ் நெல் மூட்டைகளிடையே பட்டினியால் இறந்தார். வேர்க்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷூக்கின் தம் மேசையிலேயே சாய்ந்தார். இன்னும் பலர். ஹெம்ப்பும் அத்தொகுப்பின் ஒரு பகுதி. எண்ணெயும் புரதமும் நிறைந்த அந்த விதையும் பசித்தவர் உண்ணக்கூடியதே.

இங்கே வகைப்பாட்டுச் சண்டையைச் சற்றுச் சொல்லித் தீர வேண்டும், ஏனெனில் பெருமை யாருக்கு என்ற கேள்வி அதில்தான் சிக்கியிருக்கிறது. ருடெராலிஸ் தனி இனமா? 1974இல் ஹார்வர்டின் ரிச்சர்டு ஷூல்டிஸ் மூன்றும் தனித்தனி இனங்களே என்றார். 1976இல் எர்னஸ்ட் ஸ்மாலும் ஆர்தர் குரோன்குவிஸ்டும் இனம் ஒன்றே என்றனர். ஒன்றுக்குள் நாருக்கானது, மயக்கத்துக்கானது என இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பயிரும் காடும் உண்டு. (பிரிவுகளுக்கிடையே அவர்கள் வசதிக்காகக் கிழித்த 0.3 விழுக்காட்டுக் கோடு பின்னர் பல நாடுகளில் சட்டமாகிவிட்டது வேறு கதை.) 2021 ஆய்வோ, கலப்பற்ற காட்டு மூதாதை இன்று எங்கும் எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை என்கிறது. தானாக விளைபவையெல்லாம் எப்போதோ வயலிலிருந்து தப்பியவை, அல்லது தப்பியவற்றோடு கலந்தவை. உதிரும் விதை, உறங்கும் விதை, மண்நிறக் கோலம் ஆகியவை எல்லாம் மனிதனின் கை விலகியதும் இயற்கை மீண்டும் வாங்கிக்கொண்ட பண்புகள்.

இதை ஏற்றால் வழக்கமான கதை தலைகீழாகிறது. காட்டுச்செடி பயிருக்கு விரைவைக் கொடுத்தது என்பதற்குப் பதிலாக, விரைவைக் கற்ற வடநாட்டுப் பயிரே வேலி தாண்டிப் போய்க் குப்பைமேட்டில் அதைக் காத்து வைத்தது என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. கொடுத்ததும் வாங்கியதும் இருபுறமும் நடந்திருக்கும் என்பதை மறுக்கவில்லை. காற்றில் மகரந்தம் பறக்கும் செடிக்கு வேலி ஏது? ஹெரோடோட்டஸ் 'தானாகவும் விதைத்தும்' என்று ஒரே மூச்சில் சொன்னது வெறும் தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் விரைவு என்ற பண்பின் பிறப்பிடத்தைக் கேட்டால், பொஸ்கோன் பிடுங்கிய பெண்களின் கொல்லையைத்தான் நான் சுட்டுவேன். யானிஷெவ்ஸ்கியின் கட்டுரையிலேயே மையம் விதைதான், பூக்கும் நாள் அன்று என்பதையும் நினைக்க வேண்டும். இன்று விதை வணிகர் 'ருடெராலிஸ்' என்று விற்கும் பெயருக்கும் சராத்தோவின் குப்பைமேட்டுச் செடிக்கும் உள்ள தொடர்பு தளர்வானது.

கலப்பினத்தின் வரலாறு இரண்டு கிளையாகப் பிரிகிறது. முதற்கிளை உக்ரேனிலும் ரஷ்யாவிலும் வளர்ந்தது. தெற்கு வகையின் நார் வளமும் வடக்கு வகையின் விரைவும் ஒரே செடியில் வேண்டும் என்பது அங்கு நெடுநாளைய ஆசை. வடஉக்ரேனில் ஹ்லூக்கிவ் என்ற ஊரில் 1931இல் நார்ப்பயிர்களுக்கென ஓர் ஆய்வு நிறுவனம் எழுந்தது. அங்கே மிக்கோலா ஹ்ரிஷ்கோ எடுத்துக்கொண்ட சிக்கல், நாம் முன்பு பார்த்த இரட்டை அறுவடைதான். ஆண்செடியும் பெண்செடியும் ஒரே வேளையில் முற்றுமாறு செய்தால், வயலில் இரண்டு முறை இறங்கவேண்டிய உழைப்பு பாதியாகும், எந்திரத்தாலும் அறுக்கலாம். இப்பணி பின்னர் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே செடியில் வரும் ஓரில்ல வகைகளில் போய் முடிந்தது. மயக்கப்பொருளை ஏறத்தாழ இன்மையாக்கிய ரகங்களும் அந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. அவற்றுள் யூஎஸ்ஓ-31 பிறநாடுகளிலும் பயிரானது.

இரண்டாம் கிளை பின்லாந்தில். இங்குதான் வவிலோவின் பெட்டகம் நேரடியாக வருகிறது. 1990களின் தொடக்கத்தில் சோவியத் நாடு கலைந்தபோது அந்நிறுவனத்தில் பணமில்லை. ஹெம்ப் விதை எண்ணெய் மிகுந்தது. சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விதைத்துப் புது விதை எடுத்தே தீர வேண்டும். மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு போவதால், ஒவ்வொரு மாதிரியையும் மற்றொன்று எட்டாத தனியிடத்தில் வளர்க்கவும் வேண்டும். நெல்லைப் போல வரிசை வரிசையாக நட்டு முடித்துவிட இயலாது. முற்றுகையில் பிழைத்த விதைகள் வறுமையில் அழியும் நிலை வந்தது. ஆம்ஸ்டர்டாமிலிருந்த பன்னாட்டு ஹெம்ப் சங்கம் பணம் திரட்டி, 1993 முதல் அவற்றைப் புதுப்பிக்க உதவியது. ஏறத்தாழ ஐந்நூறு மாதிரிகள்.

அவற்றுள் முந்திப் பூக்கும் வடரஷ்ய நாட்டுவகைகள் இரண்டைப் பின்லாந்தின் குவோப்பியோ நகரில் ஜேஸ் கால்லவேயும் உடனிருந்தவரும் 1995இல் விதைத்துப் பார்த்தனர். குவோப்பியோ ஏறத்தாழ 63 பாகை வடக்கு. கோடை நடுவில் இருள் என்று சொல்லத்தக்கது அங்கு வருவதேயில்லை. தென்நாட்டு வகை எதுவும் அங்கே பூப்பதை நினைக்கக்கூட வேண்டியதில்லை. இவ்விரண்டின் கலப்பில் கிடைத்த செடி, பகல் எவ்வளவு நீண்டாலும் பொருட்படுத்தாமல், விதைத்த ஒரு திங்களில் பூ வைத்தது. ஆள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரம். நாருக்கு உதவாது, விதைக்கு மட்டும். முதலில் ஃபின்-314 என்றும் பின்னர் ஃபினோலா என்றும் பெயர் பெற்றது. கனடாவின் புல்வெளி மாநிலங்களிலும் ஐரோப்பாவின் வடபகுதியிலும் விதைக்கான ஹெம்ப் என்றால் முதலில் நினைவுக்கு வரும் ரகங்களுள் அது ஒன்றாயிற்று. பெற்றோர் இருவரும் உழவர் பயிரிட்ட நாட்டுவகைகள். குப்பைமேட்டுச் செடி இக்கலப்பில் இல்லை.

இப்பண்பின் மதிப்பை வளர்ப்பவர் கணக்கில் சொன்னால் இன்னும் தெளிவாகும். பகல்நீளத்தைப் பொருட்படுத்தாத இயல்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பாகவே இறங்குகிறது. வடக்கு வகையையும் தெற்கு வகையையும் கலந்தால் முதல் தலைமுறையில் அது தலைகாட்டாது. எல்லாம் தெற்கு வகையாகவே நிற்கும். அவற்றைத் தமக்குள் மீண்டும் கலந்தால் இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று விரைந்து பூக்கும். முதல் தலைமுறையோடு சலித்துக் கைவிட்டவனுக்கு ஒன்றுமில்லை. பொறுத்தவனுக்கு நிலைத்த ரகம். 2022இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பண்புக்குரிய மரபணுவின் இருப்பிடத்தைக் குறித்துக் காட்டினர். இப்போது நாற்றிலேயே சோதித்துத் தேரலாம். லிசென்கோ ஒரு குளிர்காலத்தில் முடித்துக் காட்டுவதாகச் சொன்ன செயல், ஒடுங்கிக் கிடக்கும் ஒரு மரபணுவைப் பொறுமையாகத் தேடிப் பிடிப்பதாக இருந்தது.

மயக்கப்பொருள் வளர்ப்போரும் இதே பண்பை எடுத்துக்கொண்டார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980களில் நெதர்லாந்து விதை வணிகரிடமிருந்தும், 2000களில் கனடாவிலிருந்தும் 'தானே பூப்பவை' என்ற பெயரில் குட்டைக் கலப்பினங்கள் சந்தைக்கு வந்தன. ருடெராலிஸ் என்ற பெயரைப் புகழ்பெறச் செய்தது அந்தச் சந்தைதான். காட்டு மூதாதை, சைபீரியக் குளிர் என்ற விளம்பரக் கதையும் அங்கே உருவானதே. அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஒன்றே ஒன்று உறுத்துகிறது. நோன்பு எண்ணெய்க்காகப் பனியோடு போட்டியிட்டவர்களின் உழைப்பு, ஒரு லத்தீன் பெயரால் யாருமற்ற காட்டுக்கு எழுதிவைக்கப்பட்டுவிட்டது.

ஹ்லூக்கிவ் ரஷ்ய எல்லையை ஒட்டிய ஊர். 2022 பிப்ரவரி 24ஆம் நாள் படையெடுப்பு தொடங்கியபோது முதல் நாளிலேயே போர் எட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. பீட்டர்ஸ்பர்க் பெட்டகமும் ஹ்லூக்கிவ் வயல்களும் ஒரே பயிரின் இரு களஞ்சியங்களாக இருந்தவை; இன்று அவற்றுக்கிடையே போர்முனை கிடக்கிறது.

வகுப்புக்கு மறுவாரம் சென்று, 'ஹெம்ப் வயல்' என்றே இருக்கட்டும் என்று சொன்னேன். ஒருவர் விடவில்லை. பாட்டி அந்த வயலிலிருந்து எதை எடுப்பாள் என்று கேட்டார். எண்ணெய் என்றேன், துணியும் என்றேன். "அப்படியென்றால் எள்ளுக்கொல்லை மாதிரி, ஐயா" என்றார் அவர். அந்தப் பத்தியில் அப்படியே எழுத அவரை அனுமதிக்கவில்லை. ஆனால் மூன்று பேருடைய விடைகளிலும் அவர் சொன்னதே நெருக்கமானது என்று இப்போது தோன்றுகிறது.